பதினாலாம் தேதி, சிவப்பு

நாட்காட்டிக்குப் பிழை திருத்துகிறவளுக்கு
வருஷம் ஐப்பசியிலேயே முடிந்துவிடும்.
செவ்வாய்ப்பேட்டை, அச்சகத்து மாடி.
கீழே லீ பஜாருக்குப் போகும் மூட்டை லாரிகளின் ஹாரன்.
நான் அடுத்த பிப்ரவரியில் உட்கார்ந்திருந்தேன்.

மேஜையில் இரண்டு தாள், இரண்டும் ஏற்காட்டுக்கு.
ஒன்று பங்குக்கோயிலுடையது.
மற்றது ஏரிக்கரையில் கேக் விற்கும் மரியநாயகத்துடையது.
பதிமூன்று வரைக்கும் ஒன்றாகவே வந்தவர்கள்
பதினாலில் பிரிந்தார்கள்:
பேக்கரிக்கு ஒரு இதயம், காதலர் தினம்.
கோயிலுக்கு சிரில், மெத்தோடியஸ்,
ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அண்ணன் தம்பி,
பூசை உடுப்பு வெள்ளை.

போன் போட்டேன்.
"சாமி, இந்த நாளுக்கு வேற ஒருத்தர் இருந்தாரே?"
"இருந்தார். நாட்காட்டியிலிருந்து எடுத்துட்டாங்க.
எனக்கு அப்போ பல்லே முளைக்கலை."
"என்ன குற்றம்?"
"குற்றமெல்லாம் இல்லைம்மா.
ரோமாபுரிக்கு வெளியே சாலையோரம் புதைச்ச இடம் தெரியும்,
தேதி தெரியும்.
ஆளைப் பற்றி உறுதியாக ஒன்றும் தெரியவில்லை.
ராஜா வேண்டாமென்ற கல்யாணங்களை
இருட்டில் நடத்திவைத்தார் என்பார்கள்.
அதுவும் கதைதான்."

அலமாரியின் அடித்தட்டில்
மாதிரிக்கு வைத்த பழைய நாட்காட்டிகள்.
ஐம்பத்தெட்டு. கரையான் ஜனவரியைத் தின்றிருந்தது.
பிப்ரவரி இருந்தது:
அர்ச். வலேந்தீன். குருவும் வேதசாட்சியும். சிவப்பு.

வேதசாட்சிக்குச் சிவப்பு, சிந்திய ரத்தத்துக்காக.
ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் ரோஜாவையும்
பேருந்து நிலையத்தில் முப்பது ரூபாய் பலூனையும்
நினைத்துக்கொண்டேன்.
இந்தச் சிவப்புக்கு ஒரு கழுத்து இருந்திருக்கிறது.

பிழை திருத்துகிறவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டால்
பிழை அதில் இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் அவளிடம்.
சாட்சி.

எட்டு வருஷம் முன்பு
சூரமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து
தெய்வானை கூப்பிட்டாள்.
மூன்று கையெழுத்து வேணும்டி, இரண்டுதான் இருக்கு.
காய்ச்சல் என்றேன்.
காய்ச்சல் இல்லை.
அவள் சித்தப்பாமார் என் தெருவிலும் இருந்தார்கள்.
மூன்றாவது ஆளுக்கு மாலை நான்கு வரை காத்திருந்தார்களாம்.
நான்கு மணிக்கு ஒரு வேன் வந்ததாம்.
அதற்கப்புறம் அவளைப் பற்றி
உறுதியாக ஒன்றும் தெரியவில்லை.

மரியநாயகத்தின் தாளில், இதயத்துக்குக் கீழே,
யாரும் கேட்காமல்,
இருப்பதிலேயே சின்ன எழுத்தில் வைத்தேன்:
வலேந்தீன், வேதசாட்சி.
மூவாயிரம் பிரதி.

மார்கழியில் அவர் கூப்பிட்டார்.
"என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"
"பிளேட்டில் தூசிங்கண்ணா."
"தூசிக்கு இவ்வளவு ஒழுங்காப் புள்ளி வைக்கத் தெரியுமா?"
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பில்லில் இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.
நாட்காட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

பிப்ரவரி வந்தது. பதினாலு, வெள்ளிக்கிழமை.
மெஷின் ஓட்டும் குணாளன் மாடிப்படியில் நின்றான்,
நகக்கண்ணில் மை, மேலே புதுச்சட்டை.
அவனுக்குப் பின்னால் இரண்டு படி கீழே ஒரு பெண்,
தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
"அக்கா, ஒரு ஆள் குறையுது."
எந்த ஊர், என்ன ஆளுங்க என்று
வாய்வரை வந்ததை
விழுங்கினேன். எளிதாக இல்லை.

விசிறியை அணைத்தேன். செருப்பைத் தேடினேன்.

பதிவாளர் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.
பழக்கத்தில் கையிலிருந்தது திருத்துகிற பேனா.
"சிவப்பில் போடக்கூடாதும்மா" என்றார்.
நிலம் பதிய வந்தவர் ஒருவர்
சட்டைப் பையிலிருந்து நீலம் கொடுத்தார்.
மூடி மட்டும் அவர் கையிலேயே இருந்தது,
மறந்து எடுத்துப் போய்விடுவேன் என்று.